குளவி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் குளவிக்குப் பேச்சு இருந்தது. யார் எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடும். வாயை அடக்கத் தெரியாது. கூடு கட்டவும் தெரியாது. ஆற்றங்கரை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், மதில் பொந்துகளில் கூட்டமாகக் குடியிருந்தது.

அந்தத் தோட்டத்தில்தான் அருளப்பப் புலவரை அடக்கம் செய்திருந்தார்கள். பஞ்சத்தில் குளத்துத் தண்ணீரைத் தன் வயலுக்கே திருப்பிக்கொண்ட பண்ணையாரைப் பற்றி அவர் பாடிய நான்கு வரிகளை, அவர் பெயரோடு ஊரார் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை புலவரின் மனைவி மிக்கேலம்மாளுக்குச் சேதி வந்தது. எழுத்தையெல்லாம் கொத்தி எடுக்க வெளியூர்க் கல்தச்சர் இருவரைப் பண்ணையார் அனுப்பியிருக்கிறாராம். ஊர் முழுக்க அறுவடைக்குப் போயிருந்தது. அவள் தனியாக ஓடினாள். மண்ணைக் குழைத்து எழுத்துகளின் மேல் அப்பினாள். வெயில் பட்டதும் வெடித்து உதிர்ந்தது. மறுபடி அப்பினாள், மறுபடி உதிர்ந்தது. இடையிடையே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“என்னம்மா பண்றே?” என்றது குளவி.

“எழுத்தை மறைக்கணும். ஒட்டமாட்டேங்குது. அவங்க வந்துடுவாங்க!”

“என் எச்சில் பசை மாதிரி. நான் மென்னு பூசட்டுமா?”

“பூசு. ஆனா அவங்க கேட்டா வாயைத் திறந்துடாதே. முடியுமா உன்னால?”

“பார்க்கறேன்,” என்றது குளவி. பிறகு கூட்டத்தை அழைத்துவந்து ஈர மண்ணை வாயில் அள்ளியது.

பெயரின் கடைசிப் புள்ளி மட்டும் மிச்சமிருந்தபோது கதவு கிறீச்சிட்டது. தச்சர்கள் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். மிக்கேலம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டு மண்டியிட்டாள்.

“ஏ குளவி, புலவர் கல்லு எது?” என்றான் ஒருவன்.

குளவிக்கு நாக்கு துறுதுறுத்தது. பேசினால் வாயிலிருக்கும் மண் விழும். அது விழுந்தால் புள்ளியை மூட முடியாது, பெயர் தெரிந்துவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, “ம்ம்ம்ம்” என்று முனகியபடி அந்தப் புள்ளியின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

“இதென்ன, ஈரமா இருக்கு?” அவன் கையை நீட்டினான்.

“கொட்டித் தொலைக்கப் போகுது, வாய்யா!” என்று மற்றவன் அவனை இழுத்துக்கொண்டு போனான். அப்படி ஒரு கல்லே இல்லை என்று இருவரும் பண்ணையாரிடம் சொல்லிவிட்டார்கள்.

“போயிட்டாங்க. இப்போ பேசு, கண்ணு,” என்றாள் மிக்கேலம்மாள்.

குளவி வாயைத் திறந்தது. எச்சிலோடு கலந்த மண் நாக்கில் இறுகிப்போயிருந்தது; முனகல்தான் வந்தது. அவள் அதன் அருகிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பண்ணையார் இறந்த பிறகு அவள் மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். நான்கு வரிகளும் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தன.

அன்று முதல்தான் குளவி மண்ணால் கூடு கட்டுகிறது. கட்டும்போது யார் என்ன கேட்டாலும் முனகலைத் தவிர ஒரு வார்த்தை சொல்வதில்லை.