ஆட்காட்டிக் குருவி அலறக் கற்ற கதை

இதைச் சொன்னவர் நேரில் கண்டவர் இல்லை. அவருக்கும் யாரோ சொன்னதுதான். கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறது.

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைமேல் இருந்த புல்வெளியில் ஒரே ஒரு பாதைதான் உண்டு. ஓடையோரமாக வளைந்து, விலங்குகள் நக்க வரும் உப்புப்பாறைக்குப் போகும். நடுப்புல்லில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அங்கேதான் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். அவளுக்கு அப்போது பஞ்சு போன்ற குரல். யார் மனமும் நோகப் பேசத் தெரியாது.

மழை விட்ட காலையில் கடமான் வந்து நின்றது.

"ஓடையோரம் ஒரே சேறு, தங்கச்சி. இன்னிக்கு மட்டும் குறுக்கே போய்க்கட்டுமா?"

"அதுக்கென்ன அண்ணே, போங்க."

கடமான் போன இடத்தில் புல் மடிந்து கிடந்தது. அதைப் பார்த்துக் காட்டுப்பன்றி அந்த வழியே வந்தது.

"இங்க முட்டை இருக்குது மாமா..." என்று இழுத்தாள்.

"கடமான் போனா வழி, நான் போனா குத்தமா?" பன்றி உறுமிக்கொண்டே மிதித்துப் போனது. பின்னாலேயே அதன் குடும்பமும். மடிந்த புல் நசுங்கி, மண் தெரிந்தது. புதுப்பாதை முட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடியது!

"வாயைத் திறந்து கத்தேன்டி!" என்று பதறினான் அவள் புருஷன்.

"தெரிஞ்சவங்களை எப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றது?"

சொல்லி முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது. காட்டெருமைக் கூட்டம்! தலையைக் குனிந்து, முன்னால் போகும் குளம்பையே பார்த்தபடி, நேராகப் புதுப்பாதையில் வந்துகொண்டிருந்தது.

அவள் பாய்ந்து முன்னால் நின்றாள். இரண்டு சிறகையும் விரித்தாள். தொண்டை கிழிய அலறினாள். அந்த அலறலில் மலையே திரும்பிப் பார்த்தது!

தூக்கிய காலோடு நின்றது தலைவி எருமை. அந்தக் குளம்புக்கு நேர் கீழே முட்டைகள்.

"ஏம்மா," என்றது எருமை, காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்து. "நாங்க அடுத்தவங்க காலைப் பார்த்து நடக்கிற கூட்டம். முதல் காலுக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

கூட்டம் ஓடைப் பக்கம் திரும்பியது. அவளுடைய பஞ்சுக் குரல் மட்டும் திரும்பி வரவே இல்லை.

அன்று முதல்தான், புல்லில் முதல் கால் பட்டதுமே, வருவது வேண்டியவரா வேண்டாதவரா என்று பாராமல் ஆட்காட்டி அலறுகிறது.

பிறகு விசாரித்ததில் ஒன்று உறுதியானது: மேயும் மாடு முட்டையை நெருங்கினால், இன்றும் அது சிறகை விரித்து எதிரே போய் நிற்கிறது.