ஏடு பிரித்த ஆவுடையம்மையார்

பொருநையாற்றின் கரையில் மஞ்சணைப்பேரி என்றோர் ஊர். அங்கே நிறைமொழியம்மை கோயில் வாசலில் பக்தர்களின் செருப்புகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் பணி செய்துவந்தவர் ஆவுடையம்மையார். படிப்பு எட்டாம் வகுப்பு. கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள். கூட்டம் குறைந்தால் கையைக் கழுவிக்கொண்டு, அம்மையை ஒருமுறை நினைத்து, கீறல் விழுந்த செல்போனில் தட்டச்சு செய்ய உட்காருவார்.

காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களை மின்னூலாக்கி இலவசமாக வெளியிடும் தன்னார்வக் குழுவில் அவரும் ஒருவர். பழைய பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். அம்மையார் அவற்றை எழுத்தெழுத்தாக அடித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, 'சரிபார்த்தாயிற்று' என்று குறித்த பிறகே நூல் வெளிவரும். உள்ளதில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது குழுவின் நெறி. அதை அவர் விரதம்போலப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு அவர் கைக்கு வந்தது நிறைமொழியம்மை பேரிலேயே பாடப்பட்ட பழைய பாமாலை. பாடியவர் பெயர் தெரியாது. உலகில் எஞ்சிய ஒரே பிரதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் தாணுமாலயன் வீட்டில் இருந்தது. ஆண்டுதோறும் சரசுவதி பூசையில் சந்தனமும் குங்குமமும் ஏற்ற புத்தகம். படங்களில் முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பின் முப்பத்துநான்கு வந்தது. நடுவில் இரண்டு பக்கம் இல்லை. புலவர் சளைக்கவில்லை, தாமே இரண்டு பாடல் எழுதி அனுப்பிவிட்டார். திருவிழாவுக்குள் முடிந்தால் போதுமென்று குழுவும் தலையாட்டிவிட்டது.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை புலவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "என்ன ஆவுடை, இன்னும் முடிக்கலையாமே?"

"நீங்க எழுதுனத பழைய பாட்டுன்னு சொல்லி எப்படி அய்யா சரிபாத்தாச்சுன்னு போடுவேன்? அம்மைகிட்ட பொய் சொன்ன மாதிரில்லா ஆயிரும்."

"செருப்புக் காக்குதவளுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? சாயங்காலத்துக்குள்ள முடி. இல்லன்னா வேற ஆளு முடிச்சிருவாங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தமக்கு வந்த இழிவு பெரிதாகப் படவில்லை. அம்மை பேரில் பொய்ப் பாட்டு நிலைத்துவிடுமே என்பதுதான் அவரை வாட்டியது. "தாயே, உன் பாட்டை எங்கே வச்சிருக்க?" என்று முனகியபடி கையிலிருந்த டோக்கனைப் புரட்டினார். இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் கோயில் முத்திரை. மறுபடி புரட்டினார். சட்டென்று விளங்கிவிட்டது.

உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியதும் புலவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "அய்யா, ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம். முப்பத்தொண்ணு இருக்குன்னா அதுக்குப் பின்னால முப்பத்திரெண்டு இருக்கணும்லா? கிழிஞ்சிருந்தா முப்பத்தொண்ணும் சேந்துல்லா போயிருக்கும்? தாள் போகல அய்யா. அடுத்த தாளோட ஒட்டிக்கிட்டிருக்கு."

புலவர் புத்தகத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரே கனத்த தாள்போல் ஒட்டிக் கிடந்த இரண்டு தாள்களுக்கு நடுவே, விளிம்பெங்கும் பூசைச் சந்தனம் இறுகியிருந்தது. அவரும் அவர் முன்னோரும் பக்தியோடு பூசியதுதான். பிரிக்கப் போனவர், கிழிந்துவிடுமென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நீயே பிரிம்மா," என்றார்.

அம்மையார் கையைக் கழுவி வந்து, நனைந்த பஞ்சை விளிம்பில் ஒற்றி ஒற்றி, ஒரு மணி நேரம் பொறுத்துப் பிரித்தார். புலவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். கருவறை முன் எல்லாரும் அம்மையின் கண்பார்வைக்குக் காத்து நிற்கிறார்கள். அவளோ அவர்கள் தலைக்கு மேலாக வாசலையே பார்க்கிறாள், அங்கே தன் அடியாரின் பாதரட்சைகளைக் காப்பவளைப் பார்க்கிறாள் என்று பாடல் சொன்னது. புலவர் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

"ஆவுடை... அவ உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா, தாயி."

அம்மையாருக்குக் கண்ணீர் பெருகியது. ஏட்டில் விழாதபடி முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"கொஞ்சம் வெளிச்சத்துல பிடிங்க அய்யா. படம் எடுக்கணும்."

அன்று மாலை, நடை திறக்குமுன், புலவர் எழுதியதை நீக்கி, அந்த இரண்டு பக்கங்களையும் அடித்து, 'சரிபார்த்தாயிற்று' என்று குறித்துவிட்டுச் செருப்புகளிடம் திரும்பினார். தம்மைப் பற்றிய பாட்டென்று அறியாமலே அதைப் பொய்யிலிருந்து காத்த அந்த அம்மையாரின் தூய கைகளுக்கு நம் வணக்கம்.