அடுக்களைக் கடிகாரம்

சுபைதாவைவிட ஜெசிந்தா வயதில் மூத்தவள். ஆனாலும் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் என்பதால் அவள் சுபைதாவை டீச்சர் என்பாள். டீச்சர் அவளை அக்கா என்பாள்.

அன்று சண்டைக்கு வந்தவள் மாதிரி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள் ஜெசிந்தா. கணவன் அமலன் சரக்குக் கப்பலில் போய் மாதக்கணக்காகிறது. நடுக்கடலில் போன் எடுக்காது. கப்பல் கணினியில் மட்டும் எப்போதாவது இணையம் எட்டிப்பார்க்கும். அதற்குள் மகளின் குரலைச் சுருக்கி அனுப்ப அவளே ஒரு நிரல் எழுதியிருந்தாள். வீட்டுக் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் அது பேசியது. கப்பலின் விண்டோஸில் வாயே திறக்கவில்லை.

பதிவுசெய்த நேரத்தையே கோப்புக்குப் பெயராக வைத்திருந்தாள், மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளியோடு. லினக்ஸ் அதை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. தெரிந்ததும், பெயர் வரும் இடமெல்லாம் விண்டோஸ் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி என்று எழுதித் தள்ளினாள். எங்கோ ஓர் இடம் விட்டுப்போயிற்று. பிள்ளை 'அப்பா' என்றது மறுபடியும் போய்ச் சேரவில்லை.

இருப்பது ஒரே உலகம், இதற்கு எதற்கு ஆளுக்கொரு இயங்குதளம், யார் கேட்டார்கள் என்று பொரிந்தாள். அவளைப் பேசி முடிக்க விட்டு டீச்சர் கேட்டாள்:

“கப்பல்ல இப்போ மணி என்னக்கா?”

“விடியப்போகுது. அடுக்களையில அவர் நேரத்துக்குன்னு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கேன். கப்பல் நகர நகர, தகவல் வந்ததும் திருப்பி வைப்பேன்.”

“மத்த கடிகாரமெல்லாம்?”

“நம்ம நேரம்தான். எல்லாத்தையும் மாத்தினா பிள்ளை எப்போ பள்ளிக்கூடம் போவா?”

“பிள்ளைக்கு அவர் நேரம் தெரியுமா?”

“அவளுக்கு எதுக்கு அது? அவ பாட்டுக்குப் பேசுவா. நேரம் பார்க்கிறது நான்.”

டீச்சர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதித் தள்ளியதையெல்லாம் அழிக்கத் தொடங்கினாள். பெயர் வைக்கும் வேலையை ஒரே இடத்துக்குக் கொண்டுபோனாள். எந்த இயங்குதளம் என்ற கேள்வி அங்கே மட்டும். மற்ற இடமெல்லாம் குரல்.

மறுநாள் கப்பலிலிருந்து ஒரு வரி வந்தது. பாப்பா சிரிச்சது கேட்டுச்சு.

அதை டீச்சரிடம் காட்டும்போதும் அவளுக்கு ஆறவில்லை.

“இருந்தாலும் டீச்சர், இந்த வித்தியாசமே இல்லாம எல்லாம் ஒண்ணாயிடாதா ஒருநாள்?”

“அண்ணன் லீவுல வர்றப்போ அந்தக் கடிகாரத்தைக் கழட்டிருவீங்களாக்கா?”

போன லீவில் அமலன் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டான். அப்போதும் அவள் அதைக் கழற்றவில்லை; அது ஏதோ ஒரு கடலின் நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடியது.