மேஸ்திரியின் ஓடும் வீடு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. தாடியும் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் நஸ்ரின் பானு. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். சீடர் இருதயராஜ், கொத்தனார் மேஸ்திரி. நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர். அவர் குடியிருந்தது என்னவோ வாடகை வீடுகளில். பதினோராவது வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்ன அன்று மனிதருக்கு வெறுத்துப்போயிற்று. ஏலத்துக்கு வந்த பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பானுவின் பட்டறைக்குள் நிறுத்தினார்.

"இதை வீடாக்கணும் பானும்மா. இனிமே ஒருத்தனும் என்னைக் காலி பண்ணுன்னு சொல்லக் கூடாது."

"ஆக்கிடலாம்ங்ணா. யாரெல்லாம் இருப்பீங்க?"

"நானும் என் சம்சாரம் ஃபிலோமினாவும். அவதான் பிடி குடுக்க மாட்டேங்கிறா. அரவக்குறிச்சியில அவ அண்ணன் வீட்டோட போய் இருந்துக்கறேங்கிறா. ஒரே ஒரு தடவை இதுல ஏறி அரவக்குறிச்சி வரைக்கும் வருவாளாம். வீடு மாதிரி இருந்தா என்கூடத் திரும்பி வருவாளாம். இல்லைன்னா பையோட அங்கயே இறங்கிக்குவாளாம்."

அவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்தார்.

"முப்பத்தாறு வருசம். அவ இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?"

பானு பஸ்ஸை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இரும்பு வேலையை நான் பாத்துக்கறேன். உள்வேலை முழுக்க நீங்களே செய்யுங்க. தெரியாததைக் கேளுங்க."

"ஆகட்டும் குருவே" என்று இருதயராஜ் கேலியாகக் கும்பிட்டார். அந்தக் கேலி நாலு நாளிலேயே பாதியாகக் குறைந்தது.

சீட்டுகளைக் கழற்றினார். தரைக்கு பிளைவுட் போட்டார். கட்டில் அடித்தார், பாத்திரத்துக்கு ஒரு அலமாரித் தட்டு அடித்தார், அடுப்பு மேடை கட்டினார். எல்லாவற்றையும் தன் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துத்தான். ரசமட்டம் இல்லாமல் அவர் ஒரு செங்கல்லைக்கூட வைத்ததில்லை.

"குமிழைப் பாருங்க குருவே. கல்யாணப் பொண்ணு மாதிரி நட்டநடுவுல உக்காந்திருக்கு."

பானு குனிந்து பார்த்தார். "உக்காந்திருக்கு" என்றார். பிறகு சாவியை வாங்கி, வண்டியை வெளியே எடுத்து, மறுபக்கம் பார்க்கத் திருப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினார்.

தட்டின் மேல் இருந்த டம்ளர் உருண்டு கீழே விழுந்தது.

இருதயராஜ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். எல்லாவற்றையும் பிரித்தார், மறுபடி மட்டம் பார்த்து அடித்தார். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. மறுநாள் காலையில் பானு வண்டியை மறுபடியும் திருப்பி நிறுத்தினார். மறுபடியும் டம்ளர் விழுந்தது.

மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பட்டறைத் தரை சாக்கடைப் பக்கம் சரிவாக இருந்தது. வண்டியும் அந்தச் சரிவில்தான் சாய்ந்து நின்றது. திருப்பி நிறுத்தினால் சாய்வும் மறுபக்கம் மாறிவிடும். இதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குருமார்கள் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் குணம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இருதயராஜ் பென்சிலை வீசி எறிந்தார்.

"எங்க நிறுத்தினா மட்டம்னு சொல்லிடுங்க. அங்கயே நிறுத்தி வேலையை முடிச்சிடறேன்."

"முடிச்சிட்டு அங்கயேதான் குடியிருக்கப் போறீங்களா?"

இருதயராஜ் எறிந்த பென்சிலைத் தேடி எடுத்தார்.

பானு அவர் கையிலிருந்த ரசமட்டத்தை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். டேப்பின் நுனியை இழுத்து பஸ்ஸின் தரையில் வைத்து அழுத்தினார். மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"இங்கிருந்து அளங்கண்ணா."

நாற்பது வருடம் பூமியை நம்பியவருக்கு ஒரு பிளைவுட் பலகையை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்புறம் விறுவிறுவென்று அளந்தார். நாலு மூலையிலும் ஒரே அளவு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தபோது அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. பட்டறைக்கு வந்த டீக்காரரைக்கூட உள்ளே ஏற்றிச் சுற்றிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபிலோமினா பையோடு வந்தார். குள்ளமான மனுஷி, படபடவென்று பேசுபவர். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைக் கதவுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பானு வண்டியை ஓட்டினார். பாதி வழியில் ஓர் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. பானு பிரேக்கை மிதித்தார். தட்டில் இருந்த பாத்திரம் ஒன்று பாக்கியில்லாமல் தரையில் விழுந்து உருண்டது.

வண்டி ஓரமாக நின்றது. இருதயராஜின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரிதானே குருவே அளந்து வெச்சேன்! ஆடாத வீடா இதைப் பண்ண முடியாதா?"

"பண்ணலாம்ங்ணா. ஆறு டயரையும் கழட்டிடணும்."

ஃபிலோமினா சிரித்துவிட்டார். இருதயராஜ் சிரிக்கவில்லை.

"டம்ளர் விழுந்தா எடுத்து வெச்சுக்கலாம். அதுக்குப் போய் மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? இருங்க, ஒரு டீ போடறேன்."

சொல்லிக்கொண்டே ஃபிலோமினா பையைத் திறந்தார். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த மணைப்பலகை ஒன்றை வெளியே எடுத்தார். அடுப்பு மேடைக்குக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நின்றார். கீழே பார்க்காமலே ஏறினார். அவ்வளவு பழக்கம்.

"எதுக்குக்கா அதுல ஏறறீங்க?" என்று கேட்டார் பானு.

"மேடை உசரம்மா. அடுப்பு எட்டாது. எந்த வாடகை வீட்டுக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் எடுத்து வெப்பேன். இங்கயும் அதே உசரமாத்தான இருக்கு."

குறையாகச் சொல்லவில்லை. பால் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டே முக்கால் அடி. இருதயராஜ் கட்டிய எல்லா வீட்டு மேடைக்கும் அதுதான் அளவு. இங்கேயும் கை தானாக அதையே வைத்திருந்தது. அந்தப் பலகையை முப்பத்தாறு வருடமாகப் பார்த்திருக்கிறார். சமையலறையில் கால் இடறினால் ஓரமாகத் தள்ளியும் விட்டிருக்கிறார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு பானுவிடம் போனார்.

"மேடையை எவ்வளவு இறக்கணும் குருவே?"

இந்தத் தடவை அந்தச் சொல்லில் கேலி இல்லை.

"என்னைக் கேட்டா எனக்குத் தகுந்த உயரம்தான் சொல்லுவேன்" என்றார் பானு.

இருதயராஜ் திரும்பினார். மனைவியின் எதிரே போய் நின்றார்.

"எவ்வளவு உயரம் வேணும் ஃபிலோ?"

ஃபிலோமினா அடுப்பைத் தணித்தார். பலகையிலிருந்து இறங்கினார். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, மேடையின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க."

அவர் குனிந்து அந்தக் கைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"பானும்மா, பட்டறைக்கே வண்டியைத் திருப்பு" என்றார் ஃபிலோமினா. "மேடை முடியட்டும். அப்புறமா போய் எங்க அண்ணனுக்கு இதுலயே டீ போட்டுக் குடுத்துட்டு வரலாம்."

இருதயராஜ் கோடு போட்ட இடத்திலேயே குனிந்தபடி இருந்தார்.