பதினெட்டாவது குடம்

"முதலாவது, குளத்துக்குப் போகும் நம் பாதையை முள்வேலி போட்டு அடைத்தார்கள். அது இவனுடைய கொள்ளுத்தாத்தா.

இரண்டாவது, ஆலைத் தெருவில் நம்மைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தார்கள். அது தாத்தா.

மூன்றாவது, ஆலை வாசலில் நாம் கொடி ஏற்றிய மறுநாள் காலையில் ஆலையைப் பூட்டினார்கள். நம் பிள்ளைகள் உள்ளே குதிக்கக் கூடாதென்று மதில்மேல் கண்ணாடிச் சில் பதித்தார்கள். அது அப்பன்.

நாலாவது, மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் நூறு பேருக்குப் பள்ளிக்கூடப் பை கொடுத்தான். பையில் அந்த அப்பனின் படம். கையில் செருப்பைத் தூக்கிய ஜனம் இப்போது முதுகில் அவனைத் தூக்குகிறது. அது இவன்."

வேதமாணிக்கம் நாலு விரலையும் மடக்கி நிறுத்தினார். வரிசை மாறவில்லை. முதல் மூன்றும் நாற்பது வருஷமாக மாறியதில்லை.

ஞானப்பூ மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடையில பேசுத மாதிரியே பேசுதீங்க அண்ணே. சங்கதியச் சொல்லுங்க."

அவருக்கு வயது அறுபத்தாறு. அவளுக்கு நாற்பத்தெட்டு. குரு என்றால் தாடி வேண்டும், மலை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு கதை படிக்கலாம். பதினோரு முறை சிறைக்குப் போன மனிதர், தனக்குத் தெரியாததைக் கேட்க அந்தச் சுளகுக்கு முன்னால்தான் வந்து உட்காருவார்.

"ஆலையைத் தருகிறேன் என்கிறான்."

"யாரு?"

"திருவேங்கடநாதன். நாலாவது ஆள். பூட்டிக்கிடக்கிற கட்டடமும் நிலமும் காலனி இளைஞர்களுக்காம். மாசக் கடைசிக்குள் நாம் சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சரக்குக் கிட்டங்கிக்காரனுக்கு விற்றுவிடுவானாம்."

ஞானப்பூ ஒரு இலையை வெட்டினாள்.

எங்கள் காலனியில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் அறுபது பேர். உட்கார்ந்து படிக்க ஒரு கூரை கிடையாது. டவுன் நூலகத்துக்குப் போனால் திரும்பக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. போன வருஷம் மட்டும் ஒன்பது பேர் படிப்பை விட்டுத் திருப்பூர் போனார்கள். இது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"வாங்கினால் பிச்சை. வாங்காவிட்டால் பிள்ளைகளுக்கு இடமில்லை. வாங்கவா, அவன் முகத்தில் வீசவா?"

"அவரு நம்ம வீட்டுல தண்ணி குடிச்சிருக்காரா?"

"அந்த வம்சமா? நூறு வருஷத்தில் ஒருவன்கூட இல்லை."

"அப்ப அவரு யாரோ. யாரோ குடுத்தா எப்படி வாங்குதது?"

அவள் நூலைச் சுற்றி முடித்து அடுத்த இலையை எடுத்தாள். அவ்வளவுதான்.

*

வேதமாணிக்கம் பெரிய வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

"எங்கள் வீடுகளில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு."

திருவேங்கடநாதன் சிரித்தார். "இவ்வளவுதானா? ஞாயித்துக்கிழமை வாரேன் வேதமாணிக்கம். உங்க ஆளுககிட்ட சொல்லி வை."

வயதில் இருபது வருஷம் இளையவர். ஒருமையில்தான் பேசினார். அந்த வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது.

முதல் வீட்டில் நாற்காலி போட்டார்கள். வீட்டுக்காரி கடைக்கு ஓடினாள். மூடி திறக்காத கலர் பாட்டிலைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, அவர் கண்முன்னால் மூடியைத் திறந்து நீட்டினாள்.

குடித்தார்.

இரண்டாவது வீட்டிலும் கலர். மூன்றாவதில் பன்னீர் சோடா. நாலாவது வேதமாணிக்கத்தின் வீடு. அங்கேயும் கலர்தான். வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்.

ஏழு வீடு முடிந்தது. திருவேங்கடநாதன் ஏப்பம் விட்டார்.

"தண்ணிங்கிற பேச்சையே காணோமே, வேதமாணிக்கம்?"

"எங்கள் ஜனம் மரியாதை தெரிந்த ஜனம்."

அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, வேதமாணிக்கம் தலை நிமிர்ந்து, ஞானப்பூ வீட்டுக்கு வந்தார்.

"ஆச்சு. ஏழு வீடு."

"தண்ணி குடிச்சாரா?"

"கலர் கொடுத்தார்கள்."

கத்திரி நின்றது.

"உங்க வீட்டுல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உங்க வீட்டுல, அண்ணே?"

"கலர்தான்."

"ஏன்?"

ஏன் என்று அவர் யோசித்ததே இல்லை. காலனிக்கு ஊர்க்காரர் யார் வந்தாலும் கடையில் கலர் வாங்கிக் கொடுப்பது வழக்கம். தேர்தலுக்கு வருகிறவர், கணக்கெடுக்க வருகிறவர், யாராக இருந்தாலும். அம்மா அப்படிச் செய்தாள். அவளுடைய அம்மாவும் செய்தாள். வீட்டுத் தண்ணீரை நீட்டினால் வந்தவர் வேண்டாம் என்பார். அந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்கத்தான் மூடி போட்ட பாட்டில்.

"நாப்பது வருஷம் மைக்ல கத்துனீங்க," என்றாள் ஞானப்பூ. "வீட்டுக்குள்ள பயந்துட்டீங்களே."

அவர் முகம் கறுத்தது.

"இன்னும் எந்த வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போக?"

"கலர் வாங்க ஓடாத வீட்டுக்கு."

*

அப்படி ஒரு வீடுதான் இருந்தது. பேராச்சி வீடு. அப்பா இசக்கிமுத்து செங்கல் சூளைக்குப் போயிருந்தார். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்?"

"தண்ணி," என்றார் திருவேங்கடநாதன்.

"யாரு நீங்க?"

வேதமாணிக்கம் பதறினார். "ஏ பிள்ள, இவர்தான்..."

"எனக்குத் தெரியும் தாத்தா. அவங்க சொல்லட்டும்."

பெரிய வீட்டுக்காரர் தன் பெயரை எந்த வாசலிலும் சொன்னதில்லை. சொன்னார்.

"என் பேரு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"பேராச்சி. உள்ள வந்து உக்காருங்க சார். குடத்துல தண்ணி இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்ல வரும். இன்னைக்கு மூணு மணிக்கு."

அப்போது மணி பன்னிரண்டரை.

வேதமாணிக்கம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்: இதோ போகப் போகிறான்.

திருவேங்கடநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.

"குடம் இருக்கா?" என்றார்.

பேராச்சி பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தாள்.

குழாயடியில் பதினேழு குடம் வரிசையில் இருந்தது. அவர் தன் குடத்தைக் கடைசியில் கவிழ்த்து வைத்தார்.

"முதலாளி," என்றான் அங்கே நின்ற ஒரு பையன், "கவுத்த குடம் வரிசையில சேராது. வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு தள்ளிருவோம்."

நிமிர்த்தி வைத்தார்.

"முன்னால வாங்க ஐயா, முதல்ல பிடிச்சுக்கிடுங்க," என்றார்கள் பெண்கள்.

"வேண்டாம்," என்றாள் பேராச்சி. "பதினெட்டு."

வேதமாணிக்கம் ஞானப்பூவிடம் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"தாயி, அவன் குழாயடியில் நிற்கிறான்!"

"எத்தனாவது?"

"பதினெட்டாவது."

"நிக்கட்டும்."

*

ஏழு பாட்டில் கலர் சும்மா இருக்குமா? ஒன்றரை மணிக்கு அவர் பேராச்சியிடம் மெதுவாகக் கேட்டார்.

"இங்க பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

"பொதுக் கக்கூஸ் இருக்கு. அதுல தண்ணி கிடையாது. நாங்க உங்க ஆலை மதிலுக்குப் பின்னாலதான் போவோம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "சில்லு உடைஞ்சு கீழ கிடக்கும். பாத்துப் போங்க."

போனார். திரும்பி வந்ததும் செருப்பில் குத்தியிருந்த சில்லைப் பிடுங்கிப் போட்டார். நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பெயர் கேட்டார். சொன்னார்கள். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒருத்தி போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒருவன் கரகம் ஆடுவான். இரட்டையர்களில் மூத்தவன் யார் என்று இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னபோது குழாயடியே கை தட்டியது.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. மூன்றே முக்காலுக்குப் பதினெட்டாவது குடம் நிறைந்தது. தோளில் வைக்கத் தெரியாமல் தூக்கி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பேராச்சி டம்ளரில் மொண்டு கொடுத்தாள்.

வாசலில் கூட்டம் நின்றது. ஊர்க்காரர் நம் வீட்டில் தண்ணீர் குடிக்கும்படி ஆனால் எப்படிக் குடிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல்.

அவர் கை தானாக உயர்ந்தது.

பேராச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை நின்றது. இறங்கியது. டம்ளரில் வாய் வைத்துக் குடித்தார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

தடியடியில் கை முறிந்தபோதும் அசையாதவர் வேதமாணிக்கம். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்று டம்ளரை நீட்டினார் திருவேங்கடநாதன்.

ஊற்றினாள்.

குடித்து முடித்ததும் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "அப்போ ஆலையைக் கொடுத்துடலாமா?"

"அவர்ட்ட ஏன் கேக்கீங்க?" என்றாள் பேராச்சி. "படிக்கப் போறது நாங்க. நாங்களே கேக்கோம். ஆலை எங்களுக்கு வேணும். சாவி எங்க கையில இருக்கணும். பொம்பளப் பிள்ளைகளுக்கு உள்ளேயே கக்கூஸ் வேணும். உங்க அப்பா படம் வேண்டாம்."

கடைசியைக் கேட்டு அவர் காலி டம்ளரைக் கையில் உருட்டினார். அப்பா அல்லவா.

"சரி," என்றார். பிறகு, "நான் அப்பப்போ வரலாமா?"

"வாங்க. குடம் கொண்டாந்துருங்க."

*

மாசக் கடைசி நாள். சார்பதிவாளர் அலுவலகம்.

அந்த ஊரில் எழுதப்பட்ட பத்திரங்களில் எல்லாம் காலனி இருக்கும். எல்லையாக இருக்கும். 'காலனிக்கு வடக்கு', 'காலனிக்கு மேற்கு'. பத்திரத்துக்கு உள்ளே எங்களில் ஒருவர் பெயரும் வந்ததில்லை.

காலனிச் சனம் மொத்தமும் வந்து வராந்தாவில் நின்றது. ஞானப்பூ அன்று சுளகு இல்லாமல் வந்திருந்தாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைகள் அறக்கட்டளைக்குன்னு எழுதியாச்சு. அதுக்குப் பொறுப்பா எழுதி வாங்குறது யாரு? ஒரு பேரு சொல்லுங்க," என்றார் பத்திர எழுத்தர்.

திருவேங்கடநாதன் வேதமாணிக்கத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி பேரைப் போடுங்க. இத்தனை வருஷம் நின்னது அவங்கதான்."

அந்த வீட்டு வாயிலிருந்து அண்ணாச்சி. அவங்க. வேதமாணிக்கத்துக்குக் காது அடைத்தது. நாற்பது வருஷம் அவர் போராடிக் கேட்டது இதுவாகவும் இருக்கலாம்.

ஞானப்பூவைப் பார்த்தார்.

பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள். அது சாட்சிகள் உட்காரும் பெஞ்சு.

வேதமாணிக்கம் நின்றார். எழுத்தரின் பேனா காத்திருந்தது. வாசலில் அறுபது பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

அவர் நடந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் நடுவிலிருந்து ஒரு ஆதார் அட்டை எழுத்தரின் மேசைக்கு வந்தது. எழுத்தர் வாசலைப் பார்த்தார். குனிந்து எழுதினார். பிறகு எழுந்து நின்று, சாட்சிகள் கேட்க, உரக்க வாசித்தார்:

"எழுதி வாங்குபவர், மேட்டுக் காலனி எட்டாம் நம்பர் வீட்டில் வசிக்கும் இசக்கிமுத்து மகள், வயது பத்தொன்பது, பேராத்துச்செல்வி என்ற பேராச்சி."