முந்நூற்றுப் பன்னிரண்டு லைக்

குரு என்றால் வெள்ளைத் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் ஃபௌசியா. திருச்சி தென்னூரில் வண்ணமீன் கடை. விளம்பரத்துக்கென்று ஒரு பைசா கொடுக்காமல், மீன் வளர்ப்பதைப் பற்றிப் போடும் வீடியோக்களாலேயே எண்பதாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் யோசனை கேட்கப் போய்ப் போய் அவருக்கு டீச்சர் என்றே பெயராகிவிட்டது.

சீடருக்கு வயது ஐம்பத்தைந்து. பெயர் சுயம்புலிங்கம். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாகத் தில்லைநகரில் குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று பறப்பார்.

கடைக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. தை பிறந்ததும் கடையைக் காலி செய்துவிட்டு, ஊரில் மச்சானுடைய ஓட்டலில் கல்லாவில் உட்காருவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. தன் குக்கர் கடையில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வரும். தைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஒருநாள் காலை மீன்கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், என் வீடியோவைப் பாத்து ஒருத்தரும் கடைக்கு வர மாட்டேங்காவ. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"காட்டுங்க அண்ணாச்சி."

போனைக் கொடுத்தார். தினமும் ஒரு வீடியோ. ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் இனிய காலை வணக்கம், கீழே கடையின் பெயர். அப்புறம் இனிய செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறம் இனிய பிரதோஷம். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு லைக்குக்குக் குறையவில்லை. நேற்றைய வணக்கத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

"இத்தனை பேரும் யாரு?"

"எல்லாம் நம்ம சொந்தம்தான்" என்றார் அண்ணாச்சி, பெருமையாக. "போன கோயில் கொடைத் திருவிழாவுல பந்தியில உக்காந்திருந்தாவ. ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி, நானே என் பக்கத்தை எடுத்து ஃபாலோவை அமுக்கி விட்டேன். எல்லார் கையிலயும் சோறு இருந்துச்சு பாருங்க, ஒருத்தராலயும் தடுக்க முடியல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, போனில் எங்கெங்கோ தட்டிப் பார்த்தார்.

"உங்க வீடியோவைப் பாக்குறவங்க எல்லாம் உடன்குடி, திசையன்விளை, குலசேகரன்பட்டினம். ரெண்டு செகண்ட் பாக்குறாங்க, லைக் போடுறாங்க, போயிடுறாங்க. இவங்கள்ல யார் வீட்டுக் குக்கரையாவது நீங்க சரி பண்ணிக் கொடுத்திருக்கீங்களா?"

"அவிய அங்க இருக்காவ, நான் இங்க இருக்கேன். எப்படி முடியும்?"

"ஆளுங்க ரெண்டு செகண்டுக்கு மேல நிக்காத வீடியோன்னு போன் நினைச்சுக்குது. அதனால திருச்சியில யாருக்கும் காட்ட மாட்டேங்குது."

"லைக் விழுந்தா நல்லதுன்னுல்லா சொன்னாவ?"

"பாத்துட்டுப் போட்டா நல்லது."

அந்த நேரம் ஒருவர் கடைக்குள் வந்தார். நேற்றுத்தான் கண்ணாடித் தொட்டி வாங்கினாராம். மகளுக்கு ஆறு தங்கமீன் வேண்டும் என்றார்.

"இன்னிக்கு வேண்டாம் சார்" என்றார் டீச்சர். "தண்ணிய ஊத்தி, ஃபில்டரை ஒரு வாரம் சும்மா ஓட விடுங்க. இன்னிக்கே விட்டா செத்துப் போயிடும். மகள் அழுவா."

வந்தவர் வெறுங்கையோடு போய்விட்டார். அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"வந்த ஆளை இப்படியா அனுப்புவீங்க?"

"ஆமா."

"வீடியோலயும் இதையெல்லாம்தான் சொல்லுதீங்களா?"

"இதைத்தான் சொல்றேன்."

"தெரிஞ்சதெல்லாம் சும்மா சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் கடைக்கு எவன் வருவான்?"

டீச்சர் தொட்டியில் கொஞ்சம் இரை தூவினார்.

"அண்ணாச்சி, பாக்காம லைக் போட வேண்டாம்னு உங்க சொந்தக்காரங்ககிட்ட சொல்லிடுங்க."

"சரியாப் போச்சு. சொந்தத்துல அப்படிச் சொல்லிட்டு நாளைக்கு நான் ஊர்ல கால் வைக்க முடியுமா?"

"முடியாட்டி விடுங்க."

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் குடும்ப குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். அன்புள்ள சொந்தங்களே என்று ஆரம்பித்து, பார்க்காமல் யாரும் லைக் போட வேண்டாம் என்று முடித்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. உடன்குடியிலிருந்து மூத்த அக்கா தங்கபுஷ்பம்.

"ஏல சுயம்பு, எங்க லைக்கு உனக்கு வேண்டாமோ?"

"அப்படி இல்லக்கா, பாத்துட்டுப் போடுங்கன்னுதான் சொன்னேன்."

"என்னத்தப் பாக்க? தெனமும் காலை வணக்கம் சொல்லுத. அதை எம்புட்டு நேரம்ல பாக்க முடியும்? என் தம்பி கடையாச்சேன்னு போட்டேன். என் குக்கரு ரெண்டு மாசமா விசிலு அடிக்க மாட்டேங்கு. தண்ணியா வழிஞ்சு அடுப்பெல்லாம் கஞ்சி. ஊரு குக்கரை எல்லாம் நீ பாக்க. உன் குக்கரு எப்படி இருக்குக்கான்னு என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டியால?"

"நீ சொல்லவே இல்லையேக்கா."

"நீ கேக்கணும்லா."

அக்கா போனை வைத்துவிட்டார். அதோடு விடவில்லை. குரூப்பிலிருந்து விலகினார், தம்பி கடையின் பக்கத்திலிருந்தும் விலகினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் குறைந்தார்.

அண்ணாச்சிக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. சின்ன வயசில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அந்த அக்காதான். இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியில் தென்னூர் வழியாகப் போனபோது மீன்கடையை எட்டிப் பார்த்தார். வெறுங்கையோடு போன அதே மனிதர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வண்டியை நிறுத்தவில்லை. நேராகத் தன் கடைக்குப் போனார்.

போனை ஒரு குக்கர் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார். அன்றைக்கு ரோஜாப்பூ இல்லை, வணக்கமும் இல்லை.

"எக்கா, மூடியைத் திருப்பிப் பிடி. வெயிட்டு போடுற இடத்துல ஒரு சின்னக் குழா இருக்குல்லா, அது வழியா வெளிச்சத்தைப் பாரு. வெளிச்சம் தெரியலன்னா பருப்பு அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஊக்கை விட்டுக் குத்தி எடு, தண்ணியில பிடிச்சுக் கழுவு. அடுத்து ரப்பர் கேஸ்கட்டை இழுத்து விட்டுப் பாரு. பழையபடி சுருங்கலன்னா அதுக்கு ஆயுசு முடிஞ்சிட்டு. புதுசு வாங்கப் போகும்போது மூடியையும் கையோட கொண்டு போ. அஞ்சு லிட்டருன்னு வாயால சொன்னா ஏதாவது ஒண்ணைத் தூக்கித் தருவான், உனக்குச் சேராது. இம்புட்டு நாளா நான் கேக்கல. தப்புதான்."

ஒன்றரை நிமிஷ வீடியோ. தன் பக்கத்தில் போட்டுவிட்டார். எப்படியும் அக்கா கண்ணில் படும் என்று நினைத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் கோபத்தில் இருந்ததால் முதல் நாள் நாலே நாலு லைக். ஆனால் அந்த நாலு பேரும் யாரென்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. மறுநாள் முகம் தெரியாத ஒரு அம்மா, தன் குக்கரில் கைப்பிடிப் பக்கம் ஆவி போகிறது என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அதற்கும் ஒரு வீடியோ போட்டார். இன்னொருவர் அடுப்பு மஞ்சளாக எரிகிறது என்றார். அதற்கும் ஒன்று. எவன் வருவான் என்ற கவலையே அவருக்கு மறந்துபோனது.

கார்த்திகை பிறந்த வாரம், உறையூரிலிருந்து ஒரு அம்மா ஒயர் கூடையோடு கடைக்கு வந்தார். கூடைக்குள் குக்கர் மூடி.

"மூடியைக் கையோட கொண்டு வரச் சொன்னீங்களே" என்றார்.

மறுநாள் மூன்று மூடி வந்தது. மார்கழியில் கடை வாசலில் மூடியும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். அக்காவுக்குப் பேசிய அந்த முதல் வீடியோவை மட்டும் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அண்ணாச்சி மச்சானுக்குப் போன் போட்டு, கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் கடைக்குள் போய்த் தனியாக நின்று சந்தோஷமாக அழுதார்.

தை பிறக்க நாலு நாள் இருந்தது. ஒரு பொட்டலம் சில்லுக் கருப்பட்டியோடு மீன்கடைக்குப் போனார். டீச்சர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு. கடை?"

"கடை நிக்குது டீச்சர். இனி அங்க இருந்து என்னை யாரும் கிளப்ப முடியாது."

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி."

"ஆனா ஒரு சந்தேகம். முன்னாடி என் சொந்தம் மட்டும் பாத்துச்சு. இப்ப நாப்பதாயிரம் பேரு பாக்காவ. இதை லட்சமா ஆக்கணும். அத்தனை பேருக்கும் நான் எப்படிப் பேசணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க."

டீச்சர் கருப்பட்டியை மென்றுகொண்டே கேட்டார்.

"உங்க அக்கா குக்கர் இப்ப விசில் அடிக்குதா?"

வீடியோ போட்டதோடு சரி, அதற்கப்புறம் அண்ணாச்சி அக்காவுக்குப் போனே பண்ணவில்லை. கருப்பட்டிப் பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, போனில் அக்காவின் நம்பரைத் தேடிக்கொண்டே மெதுவாக வாசலுக்குப் போனார்.