கயிறு கட்டிய பெஞ்சு

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த பழைய வங்கிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் பதினேழு பேர் வாசலில் நின்றார்கள். பதினெட்டாவதாக வந்து சேர்ந்தவர் எத்திராஜுலு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கான வரிசை என்று அவர் கேட்கவில்லை. நவம்பரில் அந்த வாசலில் வரிசை நின்றால், ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நேரில் காட்டிவிட்டுப் போகும் வரிசைதான் அது.

ஆனால் வங்கி அங்கிருந்து போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடிக்கு மாறி, ஞாயிறு என்பதால் பூட்டிக் கிடந்தது. பழைய கட்டடம் இப்போது காட்சிக்கூடம்.

உள்ளே கூடத்தின் நடுவில் ஒரு நீளமான தேக்கு பெஞ்சு. அதைச் சுற்றி நாலு பித்தளைக் கம்பங்கள், அவற்றில் கொக்கி போட்டு மாட்டிய சிவப்புக் கயிறு.

"தினமும் துடைக்கிறார்கள், தலைக்கு மேல் விளக்கு வேறு. இன்னும் என்ன குறை உனக்கு?" என்றது கயிறு.

"எட்டு மாதமாக யாரும் உட்காரவில்லை" என்றது பெஞ்சு.

"உட்காரக் கூடாது என்பதுதானே மரியாதை?"

"படுக்கையில் கிடப்பவனையும் இப்படித்தான் துடைத்துவிடுவார்கள்."

சுவர்க் கடிகாரம் குறுக்கிட்டது. "எனக்கும்தான் சாவி கொடுப்பதில்லை. அக்கடா என்று இருக்கிறேன். நீ மட்டும் ஏன் அடித்துக்கொள்கிறாய்?"

"உன்னை அண்ணாந்து பார்த்தார்கள். என் மேல் சாய்ந்தார்கள். நவம்பர் வந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழவர்கள். 'இந்த வருஷமும் வந்துட்டியா நீ' என்று ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்வார்கள். வராதவரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அவர் உட்காரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு உட்காருவார்கள்."

அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் ஃபர்ஹானா தூண்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, டோக்கன் யாரு குடுக்கறது?" என்றார் எத்திராஜுலு.

அவர் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. "பேங்கு எதிர்ல மாறிடுச்சு ஐயா. இன்னிக்கு லீவு."

"இன்னிக்குத்தாம்மா கடைசி நாளு. மாசம் பூரா கால் வீங்கிப் படுத்துட்டேன். நாளைக்கு வந்தா, நான் போயிட்டேன்னு எழுதிடுவாங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கால்கள் மட்டும் நடுங்கின. ஏதாவது பிடிமானம் தேடிய கை கயிற்றைப் பற்றியது.

"விட்டுவிடு, அவர் உட்காரட்டும்" என்றது பெஞ்சு.

"விட்டால் எனக்கு இங்கே என்ன வேலை? சுருட்டி மூலையில் போட்டுவிடுவார்கள்."

"அவர் கால் நடுங்குவது தெரியவில்லையா?"

"தெரியாமல் என்ன, அவர் கை என் மேல்தானே இருக்கிறது." கயிறு சற்றுத் தயங்கியது. "மனிதர்கள் இவ்வளவு கனமா?"

"உன்னிடம் இருப்பது பாதிகூட இல்லை. மீதியை என்னிடம் கொடு."

கொக்கி நழுவியது. கயிறு தரையில் விழுந்தது. எத்திராஜுலு பெஞ்சில் உட்கார்ந்தார். தேக்குப் பலகை மெல்ல முனகி, பிறகு அமைதியானது.

"பெரியவரே, அது பழைய பொருள். உக்காரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு" என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

"எனக்கும் எழுபத்தெட்டு ஆச்சுங்க. என் கழுத்துலயும் ஒரு போர்டு மாட்டிட்டுப் போங்க."

ஃபர்ஹானா கயிற்றை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் நிமிர்ந்தாள். "ஐயா, ஆதார் கார்டு, பென்ஷன் புக்கு இருக்கா? இதை ஃபோன்லயே பதியலாம். எங்க அத்தாவுக்குப் போன வாரம் நான்தான் பண்ணேன்."

"இருக்கும்மா. வா, இப்படி உக்காரு."

அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். "யாராவது வராங்களா?" என்று கேட்டாள்.

"கன்னியப்பன் இடம். போன வருஷமே வரல." கையால் பலகையைத் துடைத்தார். "நீ உக்காரு."

எண்களை எல்லாம் போட்டுவிட்டு அவள் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கல்யாணத்தில் ஃபோட்டோவுக்கு நிற்பவர்போல எத்திராஜுலு மூச்சை அடக்கி விறைத்துக்கொண்டார். ஃபோன் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி பிடித்தாள். மறுபடியும் இல்லை.

"கண்ணைச் சிமிட்டுங்க ஐயா. அசையாம இருந்தா படம்னு நெனச்சுக்கும்."

"இவ்ளோதானா?" என்று கேட்டபடி இரண்டு தரம் சிமிட்டினார். திரையில் பச்சை விழுந்தது.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க உயிரோட இருக்கீங்க" என்றாள் ஃபர்ஹானா.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேம்மா."

அன்று சாயங்காலம் அவள் நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள்.

மறு ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, சிவப்புக் கயிறு வாசற்படியில் கைப்பிடியாகக் கட்டப்பட்டது. அன்றே காட்சிப் பொருள்களின் பட்டியலிலிருந்து பெஞ்சும் நீக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில், 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள்.